கல்முனையிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு: ஒருநாள் பயணத்தின் கணக்கு

ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டயர். புல்வெளியும் முகில் காடும் கலந்த நிலம். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் றொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய இந்நிலம், 1988இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

கரையோரத்திலிருந்து போகிறவர்களின் முதல் இலக்கு 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பள்ளத்தாக்கு. அதைப் பார்க்க முடியுமா என்பது பனிமூட்டத்தைப் பொறுத்தது. வெயில் ஏற ஏற, கீழேயுள்ள தாழ்நிலத்தின் ஈரக்காற்று மலைச்சுவரை ஒட்டி மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு மூடிவிடும். ஆகவே நேரக் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும்: நுழைவாயில் காலை ஆறு மணியளவில் திறக்கிறது; அதற்குப் பின் அதிகம் பிந்தாமல் அங்கே நிற்பதற்கு, கல்முனையிலிருந்து முதல்நாள் இரவே புறப்பட்டாக வேண்டும்.

தரைவழித் தூரம் 200 கிலோமீற்றருக்கு மேல். காரைதீவுச் சந்தியால் திரும்பி அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வரை வேகமாகப் போகலாம். எல்ல ஏற்றத்திலிருந்து வளைவுகள் தொடங்குகின்றன. பொத்துவில் வழியைத் தெரிவு செய்தால் லாகுகலையில் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். இஷா தொழுது, இராச்சாப்பாட்டையும் முடித்துப் பத்து மணியளவில் வேன் கிளம்பினால், சுபஹுத் தொழுகைக்குப் பண்டாரவளைப் பள்ளிவாசலில் இறங்கலாம். அங்கிருந்து பொரலந்தை, ஒஹிய ஊடாகப் பூங்காவுக்குள் நுழையலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே பார்வைக்குத் தெளிவானவை. 2030 வரை நோன்புப் பெருநாள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால், முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறையும் நல்ல காலநிலையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பெருநாளுக்கு அடுத்த நாட்களில் கூட்டம் மிகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எல்ல, ஒஹிய வீதிகளில் மண்ணும் பாறையும் சரிவதுண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே வேன் பேச வேண்டும்.

உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஆறு பாகைக்கு மேல் குறைகிறது. கரையில் 28 பாகையாக இருக்கும்போது சமவெளியில் 14 பாகையை அண்டியே இருக்கும்; ஜனவரி விடியலில் புல் நுனியில் உறைபனியும் காணப்படும். கம்பளிச் சட்டை, தொப்பி, மழைக்கோட்டு, பிடிப்புள்ள சப்பாத்து ஆகியவை சிறுவருக்கும் முதியவருக்கும் கட்டாயம். பொலித்தீன் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. நுழைவிடத்தில் பைகளைச் சோதித்து அதை எடுத்துவிடுவார்கள். எனவே லஞ்ச் சீற்றில் கட்டிய சோற்றுப் பார்சலும் பைக்கற்றில் அடைத்த பிஸ்கற்றும் சிக்கலைத் தரும். வாழையிலையிலோ மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியிலோ உணவை எடுத்துச் செல்வதே வழி.

நடைபாதை ஒன்பது கிலோமீற்றர் அளவிலான வட்டம்; ஆறுதலாக நடந்தால் மூன்று, நான்கு மணித்தியாலம். பாதை பிரியுமிடத்தில் 'சிறிய உலக முடிவு' பக்கத்தை முதலில் எடுத்தால் பனி மூடுமுன் இரண்டு விளிம்புகளையும் காணலாம். பெரிய விளிம்பில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் இறங்குகிறது. திரும்பும் வழியில் 20 மீற்றர் உயரப் பேக்கர் நீர்வீழ்ச்சி; அதைப் பனிக்குள்ளும் ரசிக்கலாம் என்பதால் கடைசிக்கு விடுவதில் நட்டமில்லை. நுழைவிடத்தை அண்டிய புல்வெளியில் மரைகள் மேயும். அவற்றுக்கு உணவு கொடுப்பது அவற்றின் உயிருக்கே கேடு.

நண்பகலில் வெளியேறினால் லுஹரும் பகலுணவும் பண்டாரவளையில். இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கல்முனை. கண்விழித்த சாரதி அதே மலையை மறுபடி இறங்குவதுதான் இத்திட்டத்தின் பெரிய ஆபத்து. 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். இரண்டு சாரதிகள் இருந்தால் மட்டுமே இது ஒருநாள் பயணம். ஒரே சாரதியென்றால் பண்டாரவளையில் ஓர் இரவு தங்கிச் செல்வதே சரியான திட்டம்.