ஆலோசனை வேறு, சமரசம் வேறு!
குடும்ப வன்முறை: சட்டம் சொல்வதும் நடைமுறையில் நடப்பதும்

புது தில்லி: கணவரின் அடி, உதைக்கு ஆளாகிப் புகார் மனுவுடன் காவல் நிலையத்துக்கு வரும் பெண்ணுக்குப் பல இடங்களில் முதலில் கிடைப்பது, "பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள்" என்ற அறிவுரைதான். இரு வீட்டாரையும் வரவழைத்து, எதிரெதிரே அமர வைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதையே "கவுன்சலிங்" என்கின்றனர். ஆனால், நாடாளுமன்றம் 2005-ல் நிறைவேற்றிய குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும், அதன் விதிகளும் ஆலோசனை என்ற சொல்லுக்குத் தரும் பொருள் வேறு. அது இன்னும் பெருமளவில் ஏட்டிலேயே இருக்கிறது.

காலாவதியான மசோதா

இந்தச் சர்ச்சை நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. 2002 மார்ச்சில் வாஜ்பாய் அரசு மக்களவையில் இது குறித்து ஒரு மசோதாவை அறிமுகப்படுத்தியது. தாக்குதல் "வழக்கமாக" நிகழ்ந்தால்தான் அது வன்முறை. தன்னையோ தன் சொத்தையோ காத்துக்கொள்வதற்காக நடந்துகொண்டதாகக் கூறி எதிர்த்தரப்பினர் தப்பிக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணையும் கட்டாய ஆலோசனைக்கு உட்படுத்தலாம் என்பன போன்ற ஷரத்துகள் அதில் இருந்தன. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும் மசோதா என்று மகளிர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் சென்ற அந்த மசோதா, 2004-ல் மக்களவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது.

மன்மோகன் சிங் ஆட்சியில் 2005-ல் கொண்டுவரப்பட்ட புதிய மசோதாவில் அந்தத் தப்பும் வழிகள் இல்லை. "கட்டாயம்" என்ற சொல்லும் நீக்கப்பட்டது. 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த இச்சட்டத்தின் 14-வது பிரிவின்படி, இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பினால், அடுத்த விசாரணையை இரண்டு மாதங்களுக்குமேல் தள்ளிப்போடக் கூடாது.

ஆலோசனை எப்படி நடக்க வேண்டும் என்பதை 2006-ம் ஆண்டு விதிகள் விரிவாகக் கூறுகின்றன. வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் நோக்கம். இனி வன்முறையில் ஈடுபடமாட்டேன் என்று எதிர்த்தரப்பினர் உறுதியளிக்க வேண்டும். தான் செய்ததற்கு நியாயம் கற்பிக்க அவருக்கு அனுமதியில்லை. இந்தத் தடையை ஆலோசனை தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் மட்டுமே சமரசத்துக்கு வழி தேட வேண்டும். வழக்கில் தொடர்புடையவர்களும், தரப்பினரின் உறவினர்களும் ஆலோசகராக முடியாது. இயன்றவரை பெண்களையே ஆலோசகர்களாக நியமிக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கும் காரணம் உண்டு. தன்னை அடித்தவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது ஒரு பெண்ணால் நடந்ததை முழுமையாகச் சொல்ல முடியாது. சொன்னாலும், அன்று மாலை அவள் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்குத்தான். அங்கே அவளைக் காக்க நீதிமன்ற ஆணையோ, தங்குவதற்கு மாற்று இடமோ இல்லாத நிலையில் நடத்தப்படும் கூட்டு ஆலோசனை, அவளுக்கு அடுத்த அடியையே பெற்றுத்தரக்கூடும்.

முன்னோடி முயற்சிகள்

சட்டம் வருவதற்கு முன்பே மும்பையில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உருவாகிவிட்டன. டாடா சமூக அறிவியல் கழகம் 1984-ல் மும்பை காவல் துறையுடன் இணைந்து மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல் துறை வளாகத்திலேயே, ஆனால் காவல் துறையின் ஊழியர்களாக இல்லாமல், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் பெண்களின் குறைகளைக் கேட்டனர். பின்னர் மகாராஷ்டிர அரசு இத்திட்டத்தை ஏற்று, மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது.

பாந்த்ராவில் உள்ள மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில் "தில்லாசா" என்ற மையத்தை, மாநகராட்சியும் "சேஹத்" என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து உருவாக்கின. காவல் நிலையப் படி ஏறத் தயங்கும் பெண்ணும் காயத்துக்கு மருந்து போட மருத்துவமனைக்கு வந்துதான் ஆக வேண்டும். காயத்தின் உண்மையான காரணத்தைக் கேட்டறிய மருத்துவர்களும் செவிலியரும் பயிற்சி பெற்றனர். இது தேசிய சுகாதார இயக்கத்தின் உதவியுடன் மும்பையின் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது.

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடூரத்துக்குப் பின், 2013 பட்ஜெட்டில் ரூ.1,000 கோடியுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அந்த நிதியிலிருந்து 2015 முதல் அமைக்கப்பட்ட "சகி" ஒருங்கிணைந்த சேவை மையங்கள், மருத்துவ, சட்ட, காவல் உதவிகளுடன் உளவியல் ஆலோசனையும், தாற்காலிகத் தங்கும் வசதியும் அளிக்க வேண்டியவை. 181 என்ற எண்ணில் மகளிர் உதவித் தொலைபேசிச் சேவையும் உண்டு.

மௌனம் கலையவில்லை

இருந்தும், பெண்களில் பெரும்பாலோர் இந்தக் கதவுகளைத் தட்டுவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். கர்நாடகத்தில் இது 44 சதவீதம். தமிழகத்தில் 38 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது பெருமை தரும் கணக்கல்ல. நாடு முழுவதும், உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. நான்கில் மூன்று பேர் யாரிடமும் சொல்லக்கூட இல்லை.

உதவி நாடி வருபவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய பாதுகாப்பு அதிகாரி பல இடங்களில் வேறு பொறுப்புகளையும் சேர்த்துச் சுமப்பவர். மாவட்ட, வட்ட அளவில் இந்த அதிகாரிகளை ஆறு வாரங்களுக்குள் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. சட்டம் அமலுக்கு வந்து 18 ஆண்டுகள் கடந்த பிறகும் இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பு மகளிர் அமைப்புகளைக் கவலைகொள்ள வைத்திருக்கிறது. கணவர், அவரது உறவினர்களின் கொடுமை குறித்த குற்றப் புகார்களைக் குடும்ப நலக் குழுக்களுக்கு அனுப்பவும், இரண்டு மாதம் வரை கைது நடவடிக்கை கூடாது என்றும் அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2022-ல் வகுத்த வழிகாட்டு நெறிகளை அது ஏற்றுக்கொண்டது. இத்தகைய குழுக்களுக்கு 2017-ல் பிறப்பித்த உத்தரவை, சட்டத்தில் இடமில்லை என்று 2018-ல் திருத்தியதும் இதே உச்ச நீதிமன்றம்தான். பொய்ப் புகார்களைத் தடுக்க வேண்டும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், உண்மையாகவே தாக்கப்பட்ட பெண் அந்த இரண்டு மாதங்களை எங்கே, யார் பாதுகாப்பில் கழிப்பாள் என்பதற்கும் விடை வேண்டும்.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2006 விதிகளைக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் அப்படியே பின்பற்றினால் போதும். பயிற்சி பெற்ற ஆலோசகர்களுக்கு நிலையான பணியும் உரிய ஊதியமும் தர வேண்டும். எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன என்று அவையில் எண்ணிக்கை கேட்கும் உறுப்பினர்கள், அங்கு வந்த பெண்களில் எத்தனை பேருக்குப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது, எத்தனை பேர் வெறும் அறிவுரையுடன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றும் கேட்க வேண்டும்.