பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தால்... விவசாயக் குடும்பம் போட வேண்டிய கணக்கு

ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்தால் டெல்டாவில் குறுவை வேலை மும்முரமாகிவிடும். மானாவாரிப் பகுதிகளில் ஆடிப் பட்டத்துக்கு உழவு ஓடும். விதை, உரம், நடவுக்கூலி என்று வீட்டிலிருக்கும் பணமெல்லாம் வயலுக்குப் போகும் நாள்கள் இவை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கலந்தாய்வு நடப்பதும் இதே நாள்களில்தான். ஒதுக்கீடு வந்த பிறகு, சேர்வதா வேண்டாமா என்று சொல்ல சில நாள்களே அவகாசம்.

அந்த அவசரத்தில் பயிர்க்கடன் கல்லூரிக் கட்டணமாக மாறுகிறது. தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. சில வீடுகளில் நிலமே கைமாறுகிறது. பிள்ளை நன்றாகப் படித்து நல்ல இடத்தில் சேர வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால், ஒரு கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, அங்கே சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கலந்தாய்வுக்கு முன்பே போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன உண்டு?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவிகித இடங்கள் 2021-ம் ஆண்டு முதல் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவத்தில் இது 2020-லேயே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் தமிழக அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தாலும் முழுச் செலவையும் அரசு ஏற்கும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. இதுபோக, கல்லூரியில் படிக்கும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நெல் சாகுபடி செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். மூத்த பெண் அரசுப் பள்ளியில் படித்து நல்ல கட்-ஆஃப் எடுத்திருக்கிறாள். 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரியில் இடம் வருகிறது. அதே நேரத்தில், சென்னையை ஒட்டிய பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து கம்ப்யூட்டர் படிப்புக்குச் சேர்க்கைக் கடிதம் வருகிறது. "இவ்வளவு பெரிய காலேஜ்ல கூப்பிடுறாங்களே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வீடே அந்தக் கடிதத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

நாலு வருடச் செலவும் இரண்டு போக வரவும்

தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நாலு லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நாலு வருடத்துக்கு 16 லட்சம். அதை 10 சதவிகித வட்டிக்குக் கடனாக வாங்கினால், முழுத்தொகையும் வாங்கிய பிறகு ஆண்டு வட்டி மட்டும் 1,60,000 ரூபாய்.

இப்போது வயல் கணக்கு. எல்லாச் செலவும் போக ஏக்கருக்கு 20,000 ரூபாய் கையில் நிற்கிறது என்று தாராளமாக வைத்தாலும், மூன்று ஏக்கரில் இரண்டு போகத்துக்கு 1,20,000 ரூபாய்தான். இரண்டு போக விளைச்சலையும் அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் வட்டிக்கே 40,000 குறையும். அசலுக்கும் வீட்டுச் செலவுக்கும் அடுத்த பிள்ளையின் படிப்புக்கும் வழியிருக்காது. மூத்த பிள்ளையின் முடிவு இளைய பிள்ளையின் முடிவாகவும் ஆகிவிடுவது இப்படித்தான்.

எனவே, சேர்க்கைக் கடிதம் வந்ததும் முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. நாலு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, லேப்டாப் எல்லாவற்றையும் எழுதிக் கூட்ட வேண்டும். கிடைக்கும் சலுகையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் உண்மையான செலவு. பெரிய பெயருள்ள அரசு நிறுவனம் சிறிய தனியார் கல்லூரியைவிடக் குறைந்த செலவில் முடிவதும் இந்தக் கணக்கில்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர்தான் விருப்பம் என்றால், அவள் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்விலும் அதே 7.5 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் கிடைக்கும் கல்லூரியை முதலில் பார்க்கலாம். ஆனால், அதே மாணவி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு மூலம் சேருபவர்களுக்குத்தான்.

ஐ.ஐ.டி. என்ற பெயரும் படிக்கப்போகும் பாடமும்

தனியார் பள்ளியில் படித்த பையனுக்கு வடமாநில ஐ.ஐ.டி. ஒன்றில் இடம் கிடைக்கிறது. பாடம் அவன் கேட்டதில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் அவன் விரும்பிய பாடமே கிடைக்கிறது. எங்கே சேர்வது?

முதலில் பணம். ஐ.ஐ.டி.க்களில் பி.டெக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இது முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆக, சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 67,000 ரூபாய்க்குள் அடங்கும். விடுதியும் சாப்பாடும் தனி. 'ஐ.ஐ.டி. நமக்குக் கட்டுப்படியாகாது' என்று விசாரிக்காமலே ஒதுக்க வேண்டியதில்லை.

பணம் தடையில்லை என்றானபின் பார்க்க வேண்டியது பாடம். நாலு வருடம் அதைப் படிக்கப்போவது பிள்ளைதான். பிடிக்காத பாடத்தில் அரியர் விழுந்தால் கல்லூரியின் பெயர் காப்பாற்றாது. ஆனால், பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் 'பிடிக்கவில்லை' என்று சொல்வதும் உண்டு. இரண்டு கல்லூரியிலும் அந்தப் பாடத்தைப் படிக்கும் மூத்த மாணவர்களோடு பிள்ளையையே பேசச் சொல்ல வேண்டும். முதலாண்டில் ஆங்கிலம் எவ்வளவு சிரமமாக இருந்தது, அதே பாடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும்.

கோவைதான் வேண்டும் என்பவர்களுக்கு

வேளாண்மைப் படிப்பில் பல குடும்பங்கள் கோவையில் இடம் கிடைக்கவில்லை என்றதும் மனம் தளர்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர் எனப் பல இடங்களில் உள்ளன. எங்கே படித்தாலும் பாடத்திட்டம் ஒன்று. பட்டம் தருவதும் அதே பல்கலைக்கழகம். கோவையில் ஆராய்ச்சி வசதி அதிகம் என்பது உண்மை. ஆனால், உறுப்புக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு அதிகப் பணம் கட்டி வேறெங்கோ அதே படிப்பில் சேர்வதற்கு அது காரணமாகாது. தனியார் கல்லூரியில் சேருவதானால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பயிர்க்கடனைத் தொட வேண்டாம்

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை. அந்தப் பணம் கல்லூரிக்குப் போனால் உரம் போட வேண்டிய நேரத்தில் போட முடியாது, மகசூல் குறையும், தவணை தவறும், வட்டிச் சலுகையும் போகும்.

படிப்புக்குக் கல்விக்கடன்தான் வாங்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தகுதியான தொழிற்படிப்புகளுக்கு அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். இடம் கிடைக்கும்வரை காத்திருக்காமல், மே மாதமே வங்கி மேலாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

• சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகள், முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
• 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று.
• ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று. இது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இதில் கிரீமிலேயர் வருமான வரம்பைப் பார்க்கும்போது விவசாய வருமானம் சேர்க்கப்படுவதில்லை.

பெற்றோர் அடிக்கடி கேட்பவை

கேள்வி: கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே இன்னும் நல்ல இடத்துக்குக் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கலாம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல்வரிசை விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதி தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கலந்தாய்விலும் உண்டு. ஆனால், வரிசையில் மேலே எழுதியது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். எனவே, சேர விருப்பமில்லாத கல்லூரியைப் பெயருக்காக மேலே எழுதக் கூடாது.

கேள்வி: ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால்?

பதில்: மாறலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள விதிகளில் இடமில்லை. குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்தத் தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு பணம் கட்ட வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.