மரத்தில் பெயர் சுட ஒரு பித்தளை டை

சென்னைக்கு அருகே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் மரப்பெட்டிகளின் பக்கப்பலகையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். உள்ளே ஒரு கோதுமைக் கதிர், இந்தியாவைக் குறிக்கும் 'ஐ.என்.', ஒரு பதிவு எண், 'எச்.டி.' என்று இரண்டு எழுத்து. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நின்றது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு மரங்களைத் துளைப்பது தெரியவந்தது. பெட்டி மரத்துக்குள் புழுவாக இருந்து கடல் கடந்த பூச்சி அது. இப்படிப்பட்ட பூச்சிகளைத் தடுக்க 2002இல் வந்த 'ஐ.எஸ்.பி.எம். 15' என்ற உலக விதிதான் இந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது. கையால் எழுதக் கூடாது, அழியக் கூடாது, சிவப்பும் ஆரஞ்சும் தவிர்க்க வேண்டும் என்கிறது விதி. அதனால் சிலர் ஸ்டென்சில் வைத்து மை அடிக்கிறார்கள், சிலர் சூட்டு முத்திரை போடுகிறார்கள்.

அங்கீகாரம் பெற்றவர் மட்டுமே போடக்கூடிய முத்திரை அது. உங்கள் பெயரை நீங்கள் செய்த நாற்காலியில் சுட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அஞ்சறைப்பெட்டி, பூரிக்கட்டை, மணைப்பலகை என்று கையால் செய்து விற்பவர்கள் இப்போது தங்கள் பெயரில் ஒரு சூட்டுக்கோல் வேண்டும் என்கிறார்கள். அதன் முனையில் இருக்கும் எழுத்துக் கட்டையான டையை வெட்டத் தேவையான இயந்திரம் சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளிலேயே இருக்கிறது. கார் ஆலைகளுக்கு ஜிக், ஃபிக்ஸ்சர் வெட்டும், கணினிவழி இயங்கும் வி.எம்.சி. மெஷின்களுக்கு உள்ளங்கையளவு பித்தளை ஒரு சில்லறை வேலை.

ஏன் பித்தளை? முதல் காரணம், அது வெட்டுவதற்கு இசைந்து கொடுக்கும். கடைசலுக்கென்றே வரும் பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் கலந்திருக்கும். அதனால் சீவல் நீளமாகச் சுருளாமல் பொடியாக உதிரும், நூல் பிடித்தாற்போன்ற ஓரம் கிடைக்கும். ஆனால் துளை போடும்போது கவனம் வேண்டும். கூரான டிரில் பித்தளையைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். அனுபவசாலிகள் டிரில் முனையின் வெட்டு விளிம்பைக் கல்லில் லேசாகத் தேய்த்து மழுக்கிக்கொண்டுதான் போடுவார்கள்.

இரண்டாவது காரணம் சூடு. பித்தளை சாதாரண இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பம் கடத்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. நடுவில் ஹீட்டர் இருந்தாலும் மூலையில் உள்ள எழுத்துவரை ஒரே சூடு பரவும். செம்பு இன்னும் நன்றாகக் கடத்தும், ஆனால் வெட்டும்போது பிசுபிசுவென்று டூலில் ஒட்டும். அலுமினியம் லேசானது, மரத்தைத் தொட்டதும் சூடு இறங்கிவிடும்.

இனி முக்கியமான விஷயம். சூட்டுக்கோல் கெட்டுப்போவது மெஷினில் அல்ல, படத்தில். காகிதத்தில் அழகாக இருக்கும் லோகோவை அப்படியே பித்தளையில் வெட்டினால் மரத்தில் கரித்திட்டுதான் விழும். கோடு சுடும்போது பக்கத்து மரமும் கொஞ்சம் கருகும். ஆகவே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெற்றிடம் வேண்டும். கோடும் அரை மில்லிமீட்டரைவிட மெலிந்தால் சீக்கிரம் ஆறும், மழுங்கும். எழுத்தைச் சுற்றியுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டராவது ஆழம் போக வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பள்ளத்தின் அடியும் மரத்தை வாட்டிவிடும். எழுத்தின் சுவர் செங்குத்தாக நிற்காமல் அடியில் அகன்று சரிந்திருந்தால் வலுவும் கூடும், சூடும் நுனிக்குத் தடையின்றி வரும்.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிரமம். ண, ஞ, ஜ இவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்ன வெற்றிடம்தான் முதலில் கரியால் அடைபடும். தலைப்புள்ளி தனியாக நிற்கும் ஊசி மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைத்தால் ஒரு நாள் ஒடியும். தடிமன் சீரான, சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரும்பாலோர் இங்கேதான் ஆசைப்பட்டுக் கெடுக்கிறார்கள்: பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, போன் நம்பர், நடுவில் ஒரு மயில். இரண்டு சென்டிமீட்டர் டையில் இவ்வளவும் நிற்காது. பெயர் போதும்.

படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். நீங்களும் திருப்பி, பட்டறைக்காரரும் திருப்பினால் மரத்தில் பெயர் இடவலம் மாறித்தான் விழும். யார் திருப்புவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பின்பக்கம் துளையிட்டு மரை போட்டு ஒரு தண்டு மாட்டுவார்கள். தண்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொருத்தம். சூட்டைக் கைப்பிடிக்கு எளிதில் விடாது. சிறிய டையை சால்டரிங் அயர்ன் முனையில் மாட்டலாம். பெரியதற்கு உள்ளேயே காட்ரிட்ஜ் ஹீட்டர் வைக்க வேண்டும். 40க்கு 20 மில்லிமீட்டர், 15 தடிமன் உள்ள பித்தளைக் கட்டை சுமார் 100 கிராம் இருக்கும். அதை 350 டிகிரிக்குக் கொண்டுபோக 100 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி இரண்டு நிமிடம் போதும். காற்றில் வீணாவதையும் சேர்த்தால் அதைப்போலச் சில மடங்கு ஆகும். பொறுமையில்லாமல் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சாதீர்கள். மங்கலாகச் சிவப்பு தெரிந்தாலே 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பித்தளை இளகி எழுத்து அமுங்கும், இன்னும் ஏற்றினால் துத்தநாகப் புகை வரும்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவர் வழிவந்த வைணவர்களின் தீட்சைச் சடங்கான சமாசிரயணத்தில் காய்ச்சிய சங்கு சக்கர முத்திரையைத் தோளில் ஒரு கணம் ஒற்றி எடுத்துவிடுவார்கள். மரத்துக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. சில வினாடி அழுத்திப் பிடிக்கலாம்.

எவ்வளவு நேரம் என்பதை மரம்தான் சொல்லும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஓரம் சற்றுப் பரவும். பைன் மரத்தில் மென்மையான வளையமும் கெட்டியான வளையமும் மாறி மாறி வருவதால் ஒரே எழுத்து கோடு கோடாகக் கருகும். ஈர மரம் ஆவி விட்டுச் சூட்டைத் தின்றுவிடும். அதே மரத்தின் துண்டொன்றில் முதலில் போட்டுப் பாருங்கள். பரப்பை மட்டமாகத் தேய்த்திருக்க வேண்டும், வார்னிஷ் பிறகுதான். டிரில் பிரஸ்ஸை நிறுத்திவைத்து, டையை அதில் கவ்வவைத்துக் கீழே அழுத்தினால் ஆட்டம் இருக்காது. கொஞ்சம் அதிகமாகச் சுட்டுவிட்டால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஓரக் கருகல் போய்விடும். டையில் படியும் கரியைச் சூடாக இருக்கும்போதே பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சப்பாத்திக் கட்டைக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் என்றால் ஈயமில்லாத பித்தளையோ செம்போ கேளுங்கள். வெட்டுக் கூலி கூடும், கொடுங்கள். முத்திரையைப் பலகையின் அடிப்பக்கம் போடுவது இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் வெட்டிய கணினிக் கோப்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், பட்டறை மாறினாலும் அதே எழுத்தில் இன்னொரு டை வெட்டலாம்.