மலை ஏறும் வாகனமும் மேனிஃபோல்டு விரிசலும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர் பலர் அதிகாலையில் ஜீப்பில் ஏறி இவ்வழியே செல்கின்றனர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும், பாலக்காட்டின் நெல்லியாம்பதியில் உட்புறத் தோட்டங்களுக்கும் ஜீப்பே துணை. கடன் பெற்று வாங்கிய வாகனம் ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. ஆகவே, மலைப்பாதையில் எளிதில் பழுதாகும் ஓர் உறுப்பைப் பற்றி உரிமையாளர்கள் அறிந்திருப்பது நன்று.

விரிசல் ஏன் விழுகிறது?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையை ஒன்றுசேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. பெரும்பாலும் இது வார்ப்பிரும்பால் ஆனது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆறினால் மீண்டும் சுருங்கும். முழுச் சுமையுடன் ஏற்றத்தில் செல்லும்போது கொதிக்கும் இவ்வுறுப்பின் மீது ஓடை நீரோ மழை நீரோ தெறித்தால் சுருக்கம் சீராக நிகழாது. நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் ஒருநாள் விரிசல் காணும்.

அறிகுறிகள்

காலையில் எஞ்சினை இயக்கியதும் 'டிக் டிக்' என ஓசை கேட்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்வதால் அவ்வோசை குறையும். பழுது தானே சரியாகிவிட்டது என்று பலர் எண்ணுவது இதனால்தான். விரிசலைச் சுற்றிக் கரி படிவதும், வாகனத்தினுள் புகை நாற்றம் வீசுவதும், ஏற்றத்தில் இழுவை குறைவதும் பிற அறிகுறிகள்.

புகை நாற்றத்தை அலட்சியப்படுத்தலாகாது. பெட்ரோல் வாகனப் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் எனத் தொடங்கி உயிரையும் பறிக்கக்கூடியது. டீசல் புகையில் இதன் அளவு குறைவெனினும், அப்புகையும் நலத்திற்குக் கேடானதே. குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் செல்லும் மலைப்பகுதிகளில் இடர் மேலும் கூடுகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது எளிதன்று. முறையாக முன்சூடேற்றாமல் ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடியும் விரியக்கூடும். எனவே புதியதை மாற்றுவதே பெரும்பாலும் சிக்கனம். எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்களுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிட்டால் அவை முறியும் வாய்ப்புக் குறையும். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுக்கும் செலவு, சில வேளைகளில் உறுப்பின் விலைக்கே நிகராகிவிடும்.

மேனிஃபோல்டு பொருந்தும் முகப்பு சமமாக உள்ளதா எனச் சோதித்து, பழைய கேஸ்கெட்டை விடுத்துப் புதியதையே பொருத்த வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குவது பொது வழக்கம். ஓரத்திலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் இறுக்கினால் புதிய மேனிஃபோல்டும் விரிய இடமுண்டு. பணி முடிந்ததும் எஞ்சினை இயக்கிக் கசிவு இல்லையென உறுதி செய்த பின்னரே வாகனத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

செலவுக்கு முன்னேற்பாடு

தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாற்றாலும் ஏற்படும் செலவை வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்பதில்லை. உத்தரவாதக் காலம் கடந்திருந்தால் முழுச் செலவும் உரிமையாளரையே சாரும். ஆதலால் மாதத் தவணையுடன் பராமரிப்புக்கென ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வருதல் நலம். உதிரிபாகத்திற்கும் கூலிக்கும் தனித்தனியே ரசீது கேட்டுப் பெறுங்கள். கழற்றிய பழைய உறுப்பையும் காட்டச் சொல்லுங்கள். காலையில் கேட்கும் அந்தச் சிறு ஓசைக்கு அன்றே செவிசாய்த்தால், செலவும் குறையும். வாகனத்தை நம்பி ஏறுவோரின் உயிருக்கும் காப்பாகும்.