கல் தாங்கும் ஈரம், செம்பு தாங்காது

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில், சஞ்சீவிராயர் கோயிலுக்கு அருகே நடவாவி என்னும் நிலத்தடிக் கிணறு இருக்கிறது. படியிறங்கிப் போனால் தூண்களும் சிற்பங்களும் கொண்ட மண்டபம். ஆண்டின் பெரும்பகுதி அது நீருக்குள்தான் இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்பு நீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருள்வார். நூற்றாண்டுகளாக நனைந்தும் காய்ந்தும் அந்தக் கல் தூண்கள் நிற்கின்றன. ஆனால் ஒரு செப்புத் திருமேனியைச் சொட்டு நீர் படாத அறையில் பூட்டி வைத்தாலும் அது அரிக்கப்படலாம். அறைக்குள் இருக்கும் காற்றே அதற்குப் போதும்.

காற்றில் எப்போதும் நீராவி உண்டு. ஒரு வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். வெப்பம் குறைந்தால் தாங்கும் அளவும் குறையும். பகலில் 34 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, இரவில் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 90 சதவீதமாகிவிடும். புதிதாக ஒரு துளி நீரும் சேரவில்லை. ஆனாலும் அறை ஈரமாகிவிட்டது.

செம்புக்கு இது ஏன் ஆபத்து? நம் திருமேனிகள் பல மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைத்தவை. மண்ணின் உப்பு அவற்றில் குளோரைடாகத் தங்கியிருக்கும். காற்று வறண்டிருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தால், ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும். வெளிர்பச்சைத் தூள் பூக்கும். கூடவே அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்னும், மறுபடி குளோரைடு உருவாகும். நிறுத்தாவிட்டால் இந்தச் சுழற்சி ஓயாது. இதற்கு வெண்கல நோய் என்று பெயர்.

1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இந்த நோயோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. அதற்கென 1930இல் அங்கே வேதியியல் ஆய்வகம் அமைந்தது; அதன் முன்னோடி எஸ். பரமசிவன். சிலையை மின்பகுப்புக்கு உட்படுத்திக் குளோரைடை வெளியேற்றும் முறையை அங்கே கையாண்டார்கள். ஆனால் சிகிச்சை பெற்ற சிலையைக் கடற்காற்றும் ஐப்பசி மழையும் சூழ்ந்த ஊரில் கவனிப்பின்றி விட்டால் நோய் திரும்பக்கூடும்.

மற்றப் பொருள்களுக்கும் தனித்தனித் தேவைகள் உண்டு. ஓலைச்சுவடி அதிகம் காய்ந்தால் நொறுங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். அதனால்தான் சுவடிக் காப்பாளர்கள் புல்தைலம் தடவுகிறார்கள். மரச்சிற்பம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கி, வெடிக்கும். பட்டுக்கு வெளிச்சமும் பகை. கண்ணாடிப் பேழைகூட எப்போதும் காவலாகாது: ஒட்டுப்பலகையும் புதுப் பெயின்ட்டும் கக்கும் அசெட்டிக் அமிலம் மூடிய பேழைக்குள் தேங்கி, ஈயத்தையும் சிப்பியையும் அரிக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தீங்கு, ஈரப்பதம் அடிக்கடி மாறுவது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் ஓவியங்களை வேல்ஸில் மேனட் மலையின் கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. அங்கே ஏறத்தாழ 17 டிகிரி, 42 சதவீத ஈரப்பதம் மாறாமல் காக்கப்பட்டது. அதுவரை அடிக்கடி பழுதுபார்க்க வேண்டியிருந்த வண்ண உரிதல் வெகுவாகக் குறைந்தது. சீரான காற்றே பெரிய மருந்து என்பதை உலகம் அங்கே கற்றது. பகலில் ஏசியைப் போட்டு, மாலையில் அணைத்துவிட்டுப் பூட்டிச் செல்லும் கூடம் இந்தப் பாடத்துக்கு நேர் எதிரானது.

பெரிய செலவில்லாமலும் பொருள்களைக் காக்க முடியும். கிராமக் கோயில் அறையிலும் பள்ளிக் காட்சிக்கூடத்திலும் ஓர் ஈரப்பதமானி மாட்டலாம். காலையிலும் மாலையிலும் அளவைக் குறித்து வைக்கலாம். பேழைக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பொருளைச் சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் சற்று உயர்த்தி வைக்கலாம். விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்திலிருந்து சுவடிகளைத் தள்ளி வைக்கலாம்.

உங்கள் ஊர்த் திருமேனியில் வெளிர்பச்சைத் தூளைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்க விடாதீர்கள். புளியின் அமிலம் பழைய உலோகத்தை மேலும் அரிக்கும், தேய்ப்பில் நுண்ணிய வேலைப்பாடு போகும். கோயில் நிர்வாகத்திடம் சொல்லி, அருங்காட்சியக வேதியியலாளரின் யோசனையைக் கேளுங்கள். போன உலோகம் திரும்ப வராது; ஆரம்பத்திலேயே கண்டால் நோயை நிறுத்த முடியும்.