சிபாப் கருவியின் அழுத்தம் சரியாக உள்ளதா?

உறக்க மூச்சுத்தடைக்குச் சிபாப் கருவி பயன்படுத்துவோர் பலர், திரையில் தெரியும் அழுத்த எண்ணை அப்படியே நம்புகின்றனர். அந்த எண் கருவியின் உள்ளிருக்கும் உணரி தருவது. உணரி பிழைத்தால் எண்ணும் பிழைக்கும். குறட்டையும் பகல்நேரத் தூக்கமும் திரும்பினால், அழுத்தத்தைத் தனியே அளந்து பார்க்க வேண்டும்.

இவ்வழுத்தம் நீர்மட்ட உயரமாகச் சென்டிமீட்டரில் குறிக்கப்படுகிறது; வழக்கமான வரம்பு 4 முதல் 20 வரை. கருவிப் பணியாளர் ‘ப’ வடிவக் கண்ணாடிக்குழாயில் பாதியளவு நீர் நிரப்பி, ஒரு முனையை முகமூடிக்கு அருகில் இணைப்பார். ஒருபுறம் நீர் தாழும், மறுபுறம் உயரும். இரு மட்டங்களின் வேறுபாடே அழுத்தம். ஒருபுற ஏற்றத்தை மட்டும் பார்த்தால் 10 என்பது 5 எனத் தோன்றும். இது அடிக்கடி நேரும் தவறு. அளக்கும்போது, அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் வசதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஏரியூரிலிருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ கருவியைத் தூக்கிச் செல்லுமுன், வீட்டிலேயே மூன்றைப் பாருங்கள்: தூசியடைந்த வடிகட்டி, குழாயில் கீறல், முகமூடி ஓரக் கசிவு. பெரும்பாலும் குறை இங்கேதான் இருக்கும். பழைய கருவிகள் சிலவற்றில் இட உயரத்தைக் கையால் பதிய வேண்டும். ஏற்காடு போன்ற மலையூர்களில் தங்குவோர் இதைக் கவனிக்கவும்.

அளவு குறைந்திருப்பின், ஈடுசெய்வதற்காக எண்ணை நீங்களே உயர்த்தக் கூடாது. உணரியைத் திருத்துவது பணிமனையின் வேலை. அழுத்தத்தை மாற்றுவது மருத்துவரின் முடிவு. செல்லும்போது முகமூடி, குழாய், நினைவட்டை ஆகியவற்றையும் கொண்டு செல்லுங்கள்.