பாலைவனமா, கடற்கரையா? எங்கே குடியேறலாம்?

குழந்தைகளே! குருபரப்பள்ளி வழியாகப் பேருந்தில் போகும்போது, எதிரே வரும் லாரிகளின் எண் பலகையைக் கவனித்ததுண்டா? பல வண்டிகளில் 'டி.என்.' என்றிருக்கும். சிலவற்றில் 'ஆர்.ஜே.' என்றிருக்கும். அது ராஜஸ்தான் வண்டி! இதே சாலையில் கிருஷ்ணகிரி பக்கம் போனால் ஐந்தாறு மணி நேரத்தில் சென்னை வந்துவிடும். ஓசூர் பக்கம் போனால் பெங்களூரு, மும்பை வழியாக ராஜஸ்தானுக்கே போய்விடலாம்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு நாளை இடமாற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஜெய்சால்மரா, சென்னையா? எந்த ஊர் வேண்டும்?" என்று கேட்கிறார்கள். ஒன்று பாலைவன நகரம். மற்றொன்று கடற்கரை நகரம். இரண்டும் வெயில் ஊர்கள்தான். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

எங்கே வெயில் அதிகம்?

ராஜஸ்தானில் உள்ள பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அம்மாடி! சென்னையிலோ, 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதே பெரிய செய்தி. "அப்படியென்றால் சென்னைதான்" என்று அவசரப்படாதீர்கள். வெப்பமானி பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மீதிக் கதையைச் சொல்வது வியர்வை. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் உடம்பும் ஒரு மண்பானைதான்! வியர்வை உலர்ந்தால் உடம்பு குளிரும்.

கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கிறது. அதனால் வியர்வை சீக்கிரம் உலராது, உடம்பு பிசுபிசுக்கும். இதைத்தான் புழுக்கம் என்கிறோம். பாலைவனக் காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். ஏர்கூலர் ராஜஸ்தானின் வறண்ட கோடையில் நன்றாகக் குளிர வைப்பதும், சென்னையில் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதனால்தான்.

ஆனால் பாலைவனத்தில் ஓர் ஆபத்து உண்டு. வியர்ப்பது தெரியாததால், உடம்பில் நீர் குறைவதும் தெரியாது. திடீரென்று தலை சுற்றும். அதனால்தான் அங்குள்ளவர்கள் தலைப்பாகை கட்டுகிறார்கள். அடிக்கடி மோர் குடிக்கிறார்கள்.

மணலும் கடலும்

மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல்நீர் மெதுவாகச் சூடாகும்; மெதுவாக ஆறும். ஆகவே பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம். ராஜஸ்தானின் சூரு நகரில் 2019 ஜூன் 1 அன்று 50.8 டிகிரி பதிவானது. அதே ஊரில் குளிர்கால இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும்! சென்னையில் அப்படி இல்லை. பகலில் வீசும் கடல்காற்று வெயிலைத் தணிக்கும். அது வரத் தாமதமானால் அன்று ஊரே தகிக்கும்.

ஜெய்சால்மர்க்காரர்கள் வெயிலைச் சமாளிக்க, தடித்த மஞ்சள் கல் சுவர்களும் நிழல் விழும் குறுகிய தெருக்களும் அமைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் 1156-ல் உருவானது என்றால் பாருங்களேன்!

தண்ணீர் எங்கே?

ஜெய்சால்மரில் ஆண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழைதான். சென்னையில் சுமார் 140 சென்டிமீட்டர். ஏழு மடங்கு! ஆனாலும் 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டுவிட்டன. ஜூலையில் நம் பக்கத்து ஊரான ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அதே சென்னை வெள்ளத்தில் மிதந்தது.

பாலைவனத்தில் வெள்ளமே வராது என்றும் நினைக்காதீர்கள். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் பெருமழை கொட்டி, ஊர்களே மூழ்கின.

தார் பாலைவன வீடுகளில் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி இருக்கும். பெய்யும் கொஞ்ச மழையை அதில் சேர்த்துக் குடிக்கிறார்கள். அவர்களுக்கு அது பரம்பரைப் பழக்கம். நமக்கோ 2003-ல் அரசு சட்டம் போட்டுத்தான் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது! இப்போது ராஜஸ்தானுக்குப் பஞ்சாபிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாகவும் தண்ணீர் வருகிறது.

இரண்டும் சேர்ந்தால்?

துபாய் பாலைவனமும்தான், கடற்கரையும்தான். கோடையில் கடும் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. உங்கள் மாமா, சித்தப்பா யாராவது அங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காற்று ஈரமா, வறட்சியா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? அங்கே காலங்காலமாக வாழ்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால், எந்த ஊரும் நம் ஊர்தான்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழியுங்கள். ஒன்றைக் காற்றோட்டமான நிழலிலும், மற்றொன்றை வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையிலும் தொங்கவிட்டுக் கதவை மூடுங்கள். எது முதலில் உலர்கிறது? எத்தனை நிமிடம்? குறித்து வைத்து, வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.